சர்ரா நோயும் ராணுவக் கால்நடை டாக்டரும்



ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து நம் காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள் பெருகிவிட்டால் மேய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாட்டைப் பிடுங்குகிற ஈயும் கூடவே பெருகிவிடும். கண்மாய்க் கரையின் ஈரச் சேற்றில் வளர்ந்து வருகிற பெரிய பழுப்பு ஈயைப் பார்த்திருப்பீர்கள். அது கடித்தால் மாடு வாலைச் சுழற்றிக்கொண்டு துள்ளும். ரத்தத்தைக் குடிப்பதோடு அந்த ஈ நிற்பதில்லை. ஒரு மாட்டின் நோயை இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த நோய்க்குச் சர்ரா என்று பெயர். அதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் ராணுவத்தில் வேலை பார்த்த ஒரு கால்நடை டாக்டர். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரிந்துகொண்டால், நம் மாட்டுக்குச் சீக்கு வரும்போது என்ன செய்யவேண்டும் என்பதும் விளங்கும்.

"ராணுவத்துக்கு எதுக்கய்யா மாட்டு டாக்டர்?" என்று கேட்கலாம். லாரி வருவதற்கு முந்திய காலத்தில் பட்டாளம் நம்பியிருந்தது கால்நடைகளைத்தான். ஏறிப்போகக் குதிரை, பீரங்கி இழுக்கக் குதிரையும் மாடும், மூட்டை சுமக்க ஒட்டகமும் கோவேறு கழுதையும் வேண்டும். அவை விழுந்தால் பட்டாளமும் நின்றுவிடும். இன்றைக்கும் நம் இந்திய ராணுவத்தில் கால்நடைகளுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. அதன் மையம் மீரட் நகரில் உள்ளது. மலைமேல் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளையும், வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் நாய்களையும் அவர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த டாக்டரின் பெயர் கிரிபித் எவான்ஸ். பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதியில் 1835-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கால்நடை மருத்துவம் படித்து 1855-ல் தேறினார். 1860-ல் பீரங்கிப் படையில் கால்நடை டாக்டராகச் சேர்ந்தார். படையோடு கனடா போனவர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மான்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் மனித வைத்தியமும் படித்து 1864-ல் பட்டம் வாங்கினார். 1877-ல் இந்தியாவுக்கு வந்தார்.

அப்போது பஞ்சாப் எல்லையில் தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரில் குதிரைகளும் ஒட்டகங்களும் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. இப்போது அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. நோய்க்குத் தீவனம்தான் காரணம் என்றார்கள் சிலர். தண்ணீர், காற்று என்றார்கள் வேறு சிலர். விசாரித்து வரும்படி 1880-ல் எவான்ஸை அனுப்பினார்கள்.

அவர் செய்தது என்ன? நோயாளிக் குதிரையிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரத்த அணுக்களுக்கு நடுவே விலாங்கு மாதிரி நெளிந்து ஓடுகிற நுண்ணுயிர் தெரிந்தது. அந்த ரத்தத்தை நோயில்லாத பிராணிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் அதே நோய் வந்தது. பெரிய பழுப்பு ஈ கடித்துத்தான் இந்தச் சீக்கு வருகிறது என்று அந்த ஊர் ஜனங்கள் சொன்னதையும் தட்டிக்கழிக்காமல் எழுதி வைத்தார்.

பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற ராணுவ டாக்டர் 1878-லேயே எலியின் ரத்தத்தில் இதுமாதிரி உயிரைப் பார்த்திருந்தார். எலி நன்றாகத்தான் இருந்தது. ஆகையால் இதுவும் கெடுதல் செய்யாது என்று ஒதுக்கினார்கள். எவான்ஸ் சொன்னதே சரி என்று பிற்பாடு தெரிந்தது. ஆப்பிரிக்காவில் மாடுகளைக் கொல்லும் நகானா நோய்க்கும், மனிதரைக் கொல்லும் தூக்க நோய்க்கும் இதே இனத்து உயிர்கள்தான் காரணம் என்று தொடர்ந்து கண்டுபிடித்தார்கள். சர்ராவை ஈ பரப்புவதையும் 1901-ல் சோதனையில் காட்டினார்கள். ஊர் ஜனங்கள் சொன்னதும் மெய்யாயிற்று. அந்த நுண்ணுயிருக்கு டிரிப்பனோசோமா எவான்ஸி என்று அவர் பெயரே நிலைத்தது. 1890-ல் ஓய்வு பெற்ற எவான்ஸ், நூறு வயது கண்டு 1935-ல் காலமானார்.

சரி, நமக்கு இதில் என்ன? சர்ரா குதிரை, ஒட்டகத்தோடு நிற்பதில்லை. மாடு, எருமை, நாய்க்கும் வரும். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். தீவனம் தின்றாலும் மாடு இளைக்கும். கண்ணின் உள்தோல் வெளுக்கும். பால் குறையும், சினை கலையலாம். முற்றினால் மாடு வட்டமடிக்கும், சுவரில் தலையை முட்டும், பல்லைக் கடிக்கும், விழுந்து துடிக்கும். இதைப் பார்த்துக் காத்து கருப்பு என்று மந்திரிக்க ஓடக்கூடாது, சூடு போடவும் கூடாது. வெறிநாய்க்கடியிலும் இதுபோன்ற அறிகுறிகள் வரும். ஆகவே அந்த மாட்டின் வாயில் கைவிடாதீர்கள்.

எவான்ஸ் செய்ததையே நீங்களும் கேளுங்கள். "டாக்டரய்யா, ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். காய்ச்சல் ஏறியிருக்கும்போது எடுத்தால்தான் கிருமி நன்றாகத் தெரியும். இறங்கின பிறகு எடுத்தால் தப்பிவிடலாம். ஆகவே நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சர்ராவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. மாட்டின் எடைக்குத் தக்கபடி டாக்டர்தான் அளவு சொல்லவேண்டும். குறைத்துப் போட்டால் கிருமி முழுதும் சாகாது; நோய் திரும்பும்.

ஈயைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. இந்த ஈ பகலில் கடிக்கிற ஈ. ராத்திரி கொசுவுக்கு மூட்டம் போட்டால் மட்டும் போதாது, பகலிலும் வேப்பிலைப் புகை போடுங்கள். வெயில் ஏறின நேரத்தில் மாட்டை நிழலான தொழுவில் கட்டுங்கள். சாணியையும் ஈரக் கூளத்தையும் அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். நோய் கண்ட மாட்டைக் கூட்டத்தை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை இன்னொரு மாட்டுக்குப் போட விடாதீர்கள்; ஈ செய்கிற வேலையை அந்த ஊசியும் செய்துவிடும். செத்த மாட்டின் இறைச்சியை நாய்க்குப் போட்டால் நாய்க்கும் தொற்றும். ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இன்னொன்று. சில மாடுகள் வெளியில் நன்றாகத் தெரியும், ரத்தத்தில் கிருமி இருக்கும். வேலைப்பளுவிலோ கன்று போட்ட அசதியிலோ நோய் கிளம்பும். சந்தையில் வாங்கின மாட்டைக் கொஞ்ச நாள் தனியாகக் கட்டி, ரத்தம் பார்த்த பிறகு தொழுவில் சேருங்கள். கறவை மாட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு சொட்டு ரத்தம் பெரிய காவல்.