எறும்புக்கு எட்டுக் கால் உண்டா?

"அம்மாயி... இங்க வந்து பாருங்க. இந்த எறும்புக்கு எட்டுக் காலு!"

"எறும்புக்கு ஏது கண்ணு எட்டுக் காலு? நாளைக்கே உன்னையக் கண்ணு டாக்டர்கிட்ட காட்டோணும்."

லீவுக்கு வந்த பேரனுக்கும் உங்களுக்கும் பொடக்காளியில் இப்படி ஒரு வாக்குவாதம் வந்தால், அவசரப்பட்டு அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவன் எண்ணியது சரிதான். அது எறும்பே இல்லை, எறும்பு வேஷம் போட்ட சிலந்தி! மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுமே முசுறு எறும்பு, அதே நிறம், அதே ஒல்லி இடுப்பு, அதே நடை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே போகும். வெறும் கண்ணுக்கு இந்த ஏமாற்று வேலை பிடிபடாது. நெருங்கி ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் எட்டுக் காலும் தெரிந்துவிடும்.

இப்படிச் சிறு உயிர்களை நெருங்கிப் படமெடுப்பதைத்தான் மேக்ரோ போட்டோகிராபி என்கிறார்கள். இந்தக் கலைக்குக் கோவையில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. பூச்சி, தவளை என்று சிறு உயிர்களைப் படமெடுத்துப் பெயர் பெற்ற கே. ஜெயராம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளை ஒன்றைப் புதிய இனம் என்று 2009-ல் அறிவித்த விஞ்ஞானிகள் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசைட்டும் அதற்கு 'ஜெயராமி' என்று அவர் பெயரையே சூட்டினார்கள். கேமராக்காரர் ஒருவருக்கு இதைவிட வேறென்ன விருது வேண்டும், சொல்லுங்கள்!

'அதெல்லாம் லட்ச ரூபாய் சமாச்சாரம்' என்று ஒதுங்க வேண்டாம். செல்போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. லென்ஸ் கழற்றி மாட்டும் பழைய கேமரா அலமாரியில் தூங்குகிறதா? அதன் 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் வளையம் ஒன்று வாங்கினால் போதும், அதுவே மேக்ரோ லென்ஸ் ஆகிவிடும்.

முதல் வாரம் எல்லாப் படமும் மங்கலாகத்தான் வரும். மனசு விட்டுவிடாதீர்கள். இவ்வளவு கிட்டத்தில் மில்லிமீட்டர் கணக்கில்தான் தெளிவு கிடைக்கும். தலை தெளிந்தால் வால் மங்கும். கண்ணைக் குறி வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும். லென்ஸைத் திருகித் திருகிப் பார்ப்பதைவிட, மூச்சைப் பிடித்து உடம்பை நூலளவு முன்னே பின்னே நகர்த்துவது சுலபம். ஃபிளாஷ் அடித்தால் அதன் முன்னால் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கட்டுங்கள். கூசும் வெளிச்சம் பால் மாதிரி இறங்கும்.

நேரம்? விடிந்த முதல் ஒரு மணி. பூச்சிகளுக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் காலைக் குளிரில் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். சிலர் பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, மயங்கியதும் படமெடுக்கிறார்களாம். சீ... அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இதனால் என்ன லாபம் என்று வீட்டுக்காரர் கேட்டால் பப்பாளி மரத்தைக் காட்டுங்கள். நம் நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலில் பதிவானது கோவையில்தான், 2008-ல். பப்பாளி, குச்சிக்கிழங்கு, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்துக் கருகின. விவசாயிகள் மருந்தாக அடித்துத் தள்ளியும் அது அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி! அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். லாரி லாரியாக மருந்து செய்யாததை அது செய்து முடித்தது. அதே மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் ஒரு பட்டாம்பூச்சியின் புழுவும் மேயும். அதன் கூட்டுப்புழுவைப் படமெடுத்துப் பாருங்கள், அச்சு அசல் குரங்கு முகம்! இதையெல்லாம் ஒருமுறை பெரிதாகப் பார்த்தவர்களுக்கு, பூச்சி என்றதும் ஸ்பிரே டப்பாவைத் தேடும் கை கொஞ்சம் தயங்கும். மருந்து நாற்றம் வீட்டுக் குழந்தைகளின் மூக்கில் ஏறுவதும் குறையும்.

பிடித்த படத்துக்குப் பெயர் தெரியவில்லையா? லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளோடு ஒரு நடை போய் வாருங்கள்.

இனி கொஞ்சம் கண்டிப்பு. புதருக்குள் முழங்காலிட்டு உட்காரும் பொழுதுபோக்கு இது. சுருட்டை விரியன் கிடக்கும் ஊர் நம்முடையது. குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, ஷூவோடு, பலகை போட்டு உட்காருங்கள். மூட்டு வலிக்காரர்கள் சின்ன முக்காலியே வைத்துக்கொள்ளலாம். கம்பளிப்பூச்சி முடி குத்தினால் தேய்க்கக் கூடாது. செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளவி கொட்டி மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

முக்கியமாக, ஸ்கிரப் டைபஸ். புல், புதரில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். கடித்தது வலிக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு அது இருக்காது. அதனால் டாக்டரிடம் 'செடிகொடிக்குள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்தேன்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும், தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். முழுக்கால் சட்டை, சாக்ஸ், வந்தவுடன் குளியல், துணி துவைப்பு... இதில் சோம்பல் கூடவே கூடாது.

பயமாக இருந்தால் காட்டுக்கே போக வேண்டாம். கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். எச்சம் நகர்ந்தால் அது பட்டாம்பூச்சிப் புழு! தினம் ஒரு படம் எடுங்கள். பச்சையாக மாறும், கொழுக்கும், பிறகு கூட்டுப்புழுவாகும். கூட்டின் தோல் கறுத்து உள்ளே இறக்கை நிறம் தெரிந்தால், மறுநாள் காலையில் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். முந்தின ராத்திரியே பேட்டரியை சார்ஜில் போட்டு வையுங்கள்.