நீல நிறமி இல்லாத நீலக்கிளி

பறக்கும் கிளிகளில் ஆக நீளமானது ஹயசிந்த் மக்காவ். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டர் வரும். எடை ஒன்றரை கிலோவுக்கு முன்பின் இருக்கும். கண்ணைச் சுற்றியும் அலகோரத்திலும் மஞ்சள் பட்டை, மற்றபடி உடம்பெல்லாம் நீலம். ஆனால் அந்த இறகில் நீல நிறமி துளியும் கிடையாது. இறகிழைக்குள் கெரட்டின் நுண்துளைகளோடு அமைந்திருக்கிறது. அது நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அதற்கு அடியில் இருக்கும் கருநிறமி மிச்ச ஒளியை விழுங்கிவிடுகிறது. இறகைப் பொடித்தால் நுண்துளைகள் சிதையும், நீலமும் போய்விடும்.

இந்தக் கிளி அதிகம் வாழ்வது பிரேசிலின் பாண்டனால் சதுப்புவெளியில். அங்கே அதற்கு முக்கிய உணவு அக்குரி, பொக்கையுவா என்னும் இரண்டே பனைவகைகளின் கொட்டைகள். சுத்தியலுக்கே சவால்விடும் அந்த ஓட்டை அலகால் அறுத்துத் திறக்கிறது. அக்குரிப் பழத்தை மாடுகள் விழுங்கி, சதையைச் செரித்து, கொட்டையை வெளியே தள்ளும். தோலுரிக்கும் வேலை மிச்சமென்று கிளிகள் அதைப் பொறுக்கிக்கொள்கின்றன.

கூடு வைப்பதிலும் அது பிடிவாதக்காரப் பறவைதான். பாண்டனாலில் அநேகமாக எல்லாக் கூடுகளும் மண்டுவி மரப் பொந்துகளில்தான் இருக்கும். போதுமான பொந்து விழ அந்த மரத்துக்கு அறுபது வயதாவது ஆக வேண்டும். மண்டுவி விதைகளைப் பரப்புவதில் பெரும்பங்கு டோக்கோ டூக்கன் பறவைக்கு. மக்காவின் முட்டைகளைத் தின்பதிலும் அதற்கே பெரும்பங்கு! டூக்கனை விரட்டினால் முட்டை பிழைக்கும், ஆனால் வருங்காலத்தில் கூடு கட்ட மரம் இருக்காது.

1980களில் ஏறக்குறைய பத்தாயிரம் பறவைகள் வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிக்கப்பட்டன என்பது மதிப்பீடு. 1987இல் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. 1990 முதல் நெய்வா குவெடெஸ் என்ற உயிரியலாளர் பொந்துகளைச் செப்பனிட்டும் மரப்பெட்டிக் கூடுகளைப் பொருத்தியும் பாண்டனாலில் இந்த இனத்தை மீட்டு வருகிறார்.

இன்று வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் கூண்டில் பிறந்து, கையால் ஊட்டி வளர்த்த குஞ்சுகள். அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டு குழந்தையைப் போலக் கொஞ்சும். காட்டில் இது ஒரே துணையோடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்வது. வேறு மக்காவ் இல்லாத வீட்டில் அந்தத் துணையின் இடம் வளர்ப்பவருக்குப் போய்விடுகிறது. தின்றதைக் கக்கி அவருக்கு ஊட்ட வரும். அவர் அலுவலகத்துக்குக் கிளம்பினால் அலறும். காட்டின் குறுக்கே துணையைக் கூப்பிட ஏற்பட்ட குரல் அது, அடுக்குமாடிச் சுவரா தடுக்கும்? தனிமையும் சலிப்பும் முற்றினால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளிகளும் உண்டு. ‘பாசமான பறவை’ என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பாசம் உண்மைதான், ஆனால் அது நாள் முழுக்க ஈடு கேட்கும் பாசம்.

கடிக்கக் கட்டைகள், பறக்க இடம், கொழுப்பு மிகுந்த மக்கடேமியா, பிரேசில் கொட்டைகள் என்று செலவும் பெரிது. இந்தியாவில் 2024 விதிகளின்படி இத்தகைய அயல்நாட்டுப் பறவையை வனத்துறையில் பதிவுசெய்தே வைத்திருக்க முடியும். காகிதம் இல்லாமல் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். காகிதம் இருந்தாலும், இது ஐம்பது ஆண்டு வாழக்கூடிய பறவை. உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்று முடிவுசெய்துவிட்டு விலை கேளுங்கள்.