1994 பிரித்தானிய டூரிங் கார் வாகையர் போட்டி

1994 பிரித்தானிய டூரிங் கார் வாகையர் போட்டி என்பது ஐக்கிய இராச்சியத்தின் தேசிய டூரிங் கார் பந்தயத் தொடரின் 37 ஆவது பருவம் ஆகும். 21 பந்தயங்களைக் கொண்டிருந்த இப்பருவத்தில் ஆல்ஃபா ரோமியோ 155 காரை ஓட்டிய இத்தாலியரான கேப்ரியேல் தார்குவினி வாகை சூடினார். பந்தய முடிவுகளை விட, காரின் இறக்கை ஒன்றைப் பற்றி எழுந்த விதிச் சிக்கலுக்காகவே இப்பருவம் இன்றும் பேசப்படுகிறது.

பின்னணி

டூரிங் கார் பந்தயங்களில் ஓடுபவை, கடைகளில் விற்கப்படும் குடும்பக் கார்களை அடிப்படையாகக் கொண்டு மாற்றியமைக்கப்பட்டவை ஆகும். ஃபார்முலா 1 காரைப் போல இவை பந்தயத்துக்கென்றே பிறந்தவை அல்ல. பிரித்தானியாவில் 1991 ஆம் ஆண்டு முதல் 2 லிட்டர் எந்திரம் கொண்ட ஒரே பிரிவு மட்டும் நடைமுறைக்கு வந்தது. எந்திரம் நிமிடத்துக்கு 8,500 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடாது என்ற வரம்பும் இருந்தது. செலவு கட்டுக்குள் இருந்ததாலும், வீதியில் காணும் கார்களே களத்திலும் ஓடியதாலும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1994 இல் ஆல்ஃபா ரோமியோ, பி.எம்.டபிள்யூ, ஃபோர்ட், மாஸ்டா, நிசான், பெஜோ, ரெனோ, டொயோட்டா, வாக்சால், வோல்வோ எனப் பத்து நிறுவனங்களின் கார்கள் களமிறங்கின.

ஒரு கார் பந்தயத்துக்கு ஒப்புதல் பெற வேண்டுமானால் அதே வகையில் 2,500 கார்கள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பந்தயக் காரின் வெளிவடிவமும், அதன் காற்றுத் தடுப்புகள், இறக்கைகள் ஆகியனவும் அந்த விற்பனைக் காரில் உள்ளவையாகவே இருக்க வேண்டும். விதி எளியதுதான். ஆனால் "காரில் உள்ள பாகம்" என்றால் என்ன? தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டதா, அல்லது காருடன் சேர்த்துத் தரப்பட்டதா?

பெட்டிக்குள் இருந்த பாகம்

ஆல்ஃபா ரோமியோ இந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொண்டது. 155 காரின் "சில்வர்ஸ்டோன்" என்ற சிறப்புப் பதிப்பு விற்பனைக்கு விடப்பட்டது. அதன் முன்புறத் தகட்டை வெளியே நீட்டிப் பொருத்த முடியும். பின்புற இறக்கையை உயர்த்துவதற்கான துணைப் பாகங்கள் காரின் பின்பெட்டிக்குள் வைத்துத் தரப்பட்டன. வாங்குபவர் விரும்பினால் பொருத்திக்கொள்ளலாம். வீதியில் காய்கறி வாங்கச் செல்பவருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை என்பது வெளிப்படை.

பந்தயத்தில் நிலைமை வேறு. வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகமாகத் திரும்ப முடியும் என்பது சக்கரங்கள் தரையை எவ்வளவு அழுத்துகின்றன என்பதைப் பொறுத்தது. காரின் எடையைக் கூட்டினாலும் அழுத்தம் கூடும். ஆனால் திருப்ப வேண்டிய நிறையும் உடன் கூடிவிடுவதால் பயனில்லை. இறக்கையோ நிறையைக் கூட்டாமலேயே காற்றின் உதவியால் காரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதுவும் இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வேகமான வளைவுகளில் பலன் மிகுதி. மற்ற கார்கள் பெரிய இறக்கைகள் இன்றி ஓடியபோது ஆல்ஃபாவுக்கு மட்டும் இந்த வசதி கிடைத்தது. பருவத்தின் முதல் ஐந்து பந்தயங்களிலும் ஆல்ஃபா கார்களே வென்றன.

ஔல்டன் பார்க் வெளியேற்றம்

போட்டி அணிகள் முறையிட்டன. பெட்டியில் கிடக்கும் பாகம் காரின் பாகம் ஆகாது என்பது அவர்கள் வாதம். 2,500 கார்களுடனும் தரப்பட்டுப் பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஒப்புதலும் பெற்ற ஒன்றை எப்படித் தடுக்கலாம் என்பது ஆல்ஃபாவின் வாதம். ஸ்னெட்டர்டன், சில்வர்ஸ்டோன் பந்தயங்களின் புள்ளிகள் ஆல்ஃபாவிடமிருந்து பறிக்கப்பட்டன. மே மாத இறுதியில் ஔல்டன் பார்க்கில் இறக்கைகளை உள்ளிழுத்த நிலையிலேயே ஓட்ட வேண்டும் எனக் கூறப்பட்டது. ஆல்ஃபா அணி அதனை ஏற்காமல், பந்தயம் தொடங்குமுன் தன் கார்களுடன் வெளியேறியது. தொடரின் தலைமை இடத்தில் இருந்த அணியே களத்தில் இல்லாத பந்தயத்தைப் பார்வையாளர்கள் கண்டனர்.

பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. பறிக்கப்பட்ட புள்ளிகள் திருப்பித் தரப்பட்டன. சூலை 1 வரை ஆல்ஃபா இறக்கையை உள்ளிழுத்து ஓட்டுவது எனவும், அதன்பின் பிறரும் தத்தம் கார்களுக்கு இறக்கைகளுக்கான ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம் எனவும் முடிவாயிற்று. ஆல்ஃபா எழுத்தளவில் விதியை மீறவில்லை என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. விதி எழுதியவர்கள் எண்ணியது அதுவல்ல என்பதும் உண்மையே.

நாக்ஹில் களத்தில் தார்குவினியின் கார் பலமுறை உருண்டது, அவர் தப்பினார். மொத்தம் 8 வெற்றிகளுடன் 298 புள்ளிகள் பெற்று முதலிடம் அடைந்தார். ரெனோ லகூனாவை ஓட்டிய ஆலன் மெனு 222 புள்ளிகளும், ஃபோர்ட் மான்டியோவை ஓட்டிய நியூசிலாந்தின் பால் ராடிசிச் 206 புள்ளிகளும் பெற்றனர்.

வோல்வோ எஸ்டேட்

இதே பருவத்தில் வோல்வோ, நீண்ட பின்புறம் கொண்ட 850 எஸ்டேட் காரைப் பந்தயத்தில் இறக்கியது. சாமான்களும் நாயும் ஏற்றிச் செல்லும் இவ்வகைக் கார் பந்தயத்துக்கு வந்ததைப் பலர் கேலி செய்தனர். ஒருமுறை அணிவகுப்புச் சுற்றில் அணியினரே பின்புறத்தில் ஒரு பொம்மை நாயை வைத்து ஓட்டினர். ரிக்கார்ட் ரிடெல், யான் லாமர்ஸ் ஆகியோர் ஓட்டிய இக்கார்களின் சிறந்த முடிவு ரிடெல் பெற்ற ஐந்தாம் இடம் ஆகும்.

1995 முதல் எல்லா அணிகளுக்கும் இறக்கைகள் அனுமதிக்கப்பட்டன. கூரை பின்முனை வரை நீளும் எஸ்டேட்டில் இறக்கையால் பலன் இல்லாததால் வோல்வோ சாதாரண 850 செடானுக்கு மாறியது. இறக்கைச் சிக்கலைத் தொடங்கி வைத்த ஆல்ஃபாவோ அவ்வாண்டு ஒரு பந்தயம் கூட வெல்லவில்லை.