கரப்பானும் உடற்பயிற்சியும்

மாணவர்க்கு உண்டாகும் தோல் நோய்களுள் கரப்பான் உயிருக்கு இடர் செய்வதன்று. எனினும் அது தரும் துன்பம் சிறிதன்று. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் சிவந்து தடிக்கும், நமைச்சல் மிகும், சொறியச் சொறிய நீர் கசியும், இரவில் உறக்கம் கெடும். ஓடி வியர்த்தவுடன் நமைச்சல் பெருகுவதால், விளையாட்டே நோய்க்குக் காரணம் எனப் பெற்றோர் எண்ணுவர். இது தொற்றும் என்று அஞ்சித் தோழர் விலகுவர். இவ்விரு எண்ணங்களுக்கும் இடையில் அகப்பட்ட மாணவன் மைதானத்தின் ஓரத்தில் நின்று பிறர் ஆட்டத்தைப் பார்ப்பவனாகின்றான். இவ்வெண்ணங்கள் எத்துணை உண்மையுடையன என்பது ஆராயத்தக்கது.

முதற்கண், கரப்பான் தொற்றுநோயன்று. சிற்றுண்ணி தோலினுட் புகுவதால் வரும் சொறிசிரங்கு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும். கரப்பான் அவ்வாறு பரவுவதில்லை. தோலின் மேற்படை, கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய மதில் போன்றது. உயிரணுக்கள் கற்களாகவும், அவற்றிடையேயுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைகின்றன. இம்மதிலை உறுதிப்படுத்தும் பிலாகிரின் என்னும் புரதத்துக்குரிய பரம்பரை அலகிற் குறையுள்ளோரிடம் கரப்பான் மிகுதி என்பதை ஸ்கொத்லாந்தின் டண்டீப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் முதலானோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மதில் பழுதுற்றால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ள தூசியும் நுண்ணுயிரும் உட்புகும். ஆகவே நோயின் வேர் தோலின் அமைப்பிலும் உடலின் எதிர்ப்பியல்பிலும் உள்ளது, விளையாட்டில் இல்லை.

அவ்வாறாயின் வியர்த்தவுடன் நமைப்பது ஏன்? வியர்வை இருமுகமுடையது. அதிலுள்ள யூரியாவும் இலாக்டேற்றும் தோலின் ஈரத்தைக் காக்கின்றன. நுண்ணுயிரை அழிக்கும் டெர்ம்சிடின் என்னும் பொருளும் வியர்வையில் உண்டு என்பது 2001இல் அறியப்பட்டது. ஆயினும் வியர்வை உலர்ந்தபின் எஞ்சும் உப்புப் பழுதுற்ற தோலை உறுத்தும். மேலும், தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் பூஞ்சணத்தின் புரதமொன்று வியர்வையிற் கலந்து ஒவ்வாமையைத் தூண்டுவதை யப்பானின் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளிப்படுத்தினர். எனவே, வியர்த்தல் தீங்கன்று. வியர்வையைத் தோலில் தேங்கவிடுதலே தீங்கு. யப்பானியப் பாடசாலைகள் சிலவற்றில் நோயுற்ற சிறுவரை நண்பகலில் நீராடச் செய்தபோது அவர்தம் நோய் தணிந்தமையும் இதற்குச் சான்றாகும்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்கு இவ்வுண்மை சிறப்பாகப் பொருந்தும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள ஊர்களில் காற்று ஈரம் மிக்கது. ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடலிலேயே தங்கும். மாறாக, கச்சான் வீசும் மாதங்களின் நண்பகலில் வெப்பமும் வறட்சியும் தோலின் ஈரத்தைக் கவரும். ஆதலின் இங்கு விளையாட்டுக்கு உகந்தவை வெயில் ஏறுமுன்னுள்ள காலையும், கடற்காற்று வெம்மையைத் தணித்த மாலையுமாம். வாவியில் நீந்துதலும் நற்பயிற்சியே. ஆயினும் அதன் நீர் உவர்நீர். வறண்ட காலத்தில் உவர்ப்பு ஏறும். மாரியில் வெள்ளம் ஊர்க் கழிவுகளை அதனுட் சேர்க்கும். தோல் வெடித்து நீர் கசியும் காலத்தில் அதில் இறங்குதல் ஆகாது. மற்றக் காலங்களில் நீந்தியவர் உடனே நன்னீராற் கழுவுதல் வேண்டும்.

விளையாடுவோர் கைக்கொள்ள வேண்டியவை கடினமானவையல்ல. தளர்வான பருத்தியாடை அணிதல், இடையிடையே நீர் பருகுதல், வியர்வையைத் தேய்க்காது மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தல் என்பன முதலில் வேண்டப்படுவன. ஆட்டம் முடிந்ததும் கிணற்று நீரில் சிறிது நேரம் நீராடி, உறுத்தும் சவர்க்காரத்தைத் தவிர்த்து, தோலின் ஈரம் புலருமுன் ஈரங்காக்கும் களிம்பைப் பூசுதல் வேண்டும். கலப்பற்ற தேங்காயெண்ணெய் ஏழைக்கும் எட்டும் பொருள். கரப்பானுற்றோர் தோலிலுள்ள ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாவை அது குறைத்ததாகப் பிலிப்பைன் நாட்டு ஆய்வு 2008இல் காட்டிற்று. ஆயினும் அது வைத்தியர் தரும் மருந்துக்கு ஈடாகாது. ஓடுகையில் மூச்சிழுப்போ, உடலெங்கும் தடிப்போ, மயக்கமோ தோன்றின் உடனே நின்று வைத்தியரை நாடல் வேண்டும்.

உடற்பயிற்சி கரப்பானை மாற்றும் மருந்து என்று கூறுதல் பொருந்தாது. எனினும் அது உறக்கத்தை ஆழமாக்குகின்றது, மனக்கலக்கத்தைத் தணிக்கின்றது. மனக்கலக்கம் சொறியைத் தூண்ட, சொறிதல் புண்ணை வளர்க்க, புண் உறக்கத்தைக் கெடுக்க, உறக்கமின்மை மீண்டும் கலக்கத்தை வளர்க்கும். இச்சுழலைத் தளர்த்தும் வழிகளுள் விளையாட்டும் ஒன்று. அதனினும் மேலாக, தோழரோடு கூடி விளையாடும் சிறுவன் தன்னை நோயாளியென எண்ணுவதை மறக்கின்றான். ஆகையால், கரப்பானுற்ற மாணவனை மைதானத்திலிருந்து விலக்குதல் அவனுக்கு மற்றொரு நோயைத் தருவதாகும். உடல் கழுவ ஒரு வாளி நன்னீரும், அதற்கெனச் சில நிமிட நேரமும் பாடசாலைகள் அளிக்குமாயின், அவனும் மற்றையோரைப் போல ஓடலாம்.