தேயிலைப் பெட்டி ஏறிய படகு

வகுப்பிலே இலங்கைப் படத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மாணவனொருவன், "ஐயா, யட்டியாந்தோட்டை யாருடைய தோட்டம்?" என்று வினவினான். தோட்டத்திலே பிறந்து வளரும் பிள்ளைக்கு அவ்வையம் எழுதல் இயல்பே. ஆயின் அப்பெயரில் உள்ளது தோட்டம் அன்று, துறை. சிங்களத்திலே 'தொட்ட' என்பது ஓடத்துறையைக் குறிக்கும். அம்பாந்தோட்டையும் அவ்வாறு வந்ததே.

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள ஊரில் துறை ஏது? விடை நமது டிக்கோயாவின் அருகிலேயே ஓடுகின்றது. 1965இல் காசல்ரீ அணையால் தேக்கப்பெற்ற கெஹெல்கமு ஓயா, கீழே மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகின்றது. பாறைகளிற் புரண்டு வரும் அந்நீர் யட்டியாந்தோட்டையை அணுகியபின்னரே படகைத் தாங்கும் ஆறாகின்றது. இருப்புப்பாதை அப்பள்ளத்தாக்கை அடையுமுன், அங்குள்ள தோட்டங்களின் சரக்கு ஆற்றுவழியே கொழும்புக்கு இறங்கிற்று.

சிங்களவர் 'பாருவ' என வழங்கும் அப்படகு தட்டையான அடியுடையது. சரக்கு நனையாவண்ணம் கிடுகால் வேய்ந்த கூரையுடையது. ஆழங்குறைந்த நீரிற் கோலூன்றிச் செலுத்துவர். ஆற்றோடு அதன் பயணம் முடிவதில்லை. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியே புத்தளம் வரை ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்கள் இருந்தன. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயும் அவற்றோடு சேர்ந்தது. புத்தளத்து உப்பு அவ்வழியே வந்தது. பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல்லொடு மீளும் பஃறிக்கு அகராதி பார்த்துப் பொருளுரைக்கும் நாம், இந்நாட்டு முன்னோர் கண்ணாற் கண்ட பஃறியை மாணவர்க்குக் காட்டாது விட்டோம்!

நம் தேயிலைக்கும் இப்படகோடு உறவுண்டு. புகைவண்டி நாவலப்பிட்டிக்கு 1874இலும் அட்டனுக்கு 1884இலும் வந்தது. அதிலேறிக் கொழும்பு சேர்ந்த பெட்டிகள் பேரை வாவிக் கரையிலிருந்த பண்டகசாலைகளில் அடுக்கப்பட்டன. வாவியையும் துறைமுகத்தையும் இணைத்த கால்வாயில், நீர்மட்டத்தை ஏற்றியிறக்கும் கதவுகளைக் கடந்து, படகுகள் அவற்றைக் கப்பலிடம் சேர்ப்பித்தன. கொழுந்து கிள்ளிய கை படகோட்டியைக் கண்டதில்லை. அவனும் மலையைக் கண்டிருக்கமாட்டான். பின்னர் லொறி வந்தது, படகு மறைந்தது.

கோலூன்றியோர் களைப்புத் தீரப் பாடியவை 'பாரு கவி' என்னும் பெயரோடு சிங்கள நாட்டுப்பாடல்களுள் எஞ்சியுள்ளன. நம் கொழுந்துப் பாட்டைப் போற்றும் மாணவர் அதனையும் கேட்டல் நன்று. அடுத்த தவணையில் ஒன்றைத் தமிழிற் பெயர்த்துப் படிக்க எண்ணியுள்ளேன். சிங்களம் கற்பிக்கும் நண்பரொருவர் துணைபுரிய இசைந்திருக்கின்றார்.