காற்றிலே கலந்த கரிக்கு ஊர் எது?

காற்றில் காபனீரொட்சைட்டுப் பெருகிவருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உடனே எரிமலையைச் சுட்டிக்காட்டும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மனிதன் மூட்டும் அடுப்பு பூமி மூட்டும் அடுப்புக்கு ஈடாகுமா என்பது அவர் வாதம். அது மெய்யானால் உலகம் வெப்பமுறுவதில் நமக்கு யாதொரு பொறுப்பும் இல்லை. ஆகையால் சாட்சியத்தைக் கேளாமல் தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

வழக்கு பழையது. இவ்வாயு இருமடங்கானால் உலக வெப்பம் ஐந்தாறு பாகை உயரும் என்று 1896 இல் சுவீடன் நாட்டு அரினியஸ் கணித்தார். அதை அவர் நன்மையென்றே கருதினார், குளிர்நாட்டார் அல்லவா! பின்னர் 1938 இல், கை ஸ்ருவேட் கலண்டர் (நாட்காட்டியன்று, ஆளின் பெயர்தான்) என்ற ஆங்கில நீராவிப் பொறியியலாளர், இலண்டனில் வானிலை அறிஞர் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். அரை நூற்றாண்டில் மனிதர் எரித்த எரிபொருள் 15,000 கோடி தொன் வாயுவைக் காற்றில் சேர்த்துவிட்டது, அதில் முக்காற்பங்கு அங்கேயே தங்கிவிட்டது, அதனால் உலகம் வெப்பமுறுகிறது என்றார். சபையோர் மரியாதையோடு கேட்டு, மரியாதையோடு ஐயுற்றனர். மிகுதியான வாயுவைக் கடல் குடித்துவிடும் என்பது அக்காலத்தில் பலரின் நம்பிக்கை. போதாததற்கு, அவர் வானிலைத் துறையைச் சேராதவர். துறைக்கு வெளியே நிற்பவனுக்குச் சில வேளைகளில் துறை நன்றாகத் தெரிகிறது!

முதற் சாட்சி மரங்கள். ஹான்ஸ் சுவெஸ் என்பார் மரங்களிலுள்ள காபன்-14 ஐ அளந்து, 1955 இல் முடிபை வெளியிட்டார். 5,730 ஆண்டுகளிற் பாதியாகத் தேய்வது அது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியில் அது எஞ்சியிராது. இருபதாம் நூற்றாண்டின் மரங்களிலோ அது குறைந்திருந்தது. பழங்கரி புதுக்காற்றிற் கலந்துவிட்டது என்பதே பொருள்.

இங்கே நண்பர் குறுக்கிடுவார்: எரிமலையின் கரியும் பழையதுதானே? நியாயமான கேள்வி. காபன்-14 ஒன்றே சாட்சியாயின் வழக்கு இவ்விடத்திலேயே நின்றிருக்கும். விடை கூறுவது காபன்-13. தாவரங்கள் காற்றை உண்ணும்போது பாரங்கூடிய இக்காபனைச் சற்றே ஒதுக்குகின்றன. நிலக்கரியும் ஒருகாலத்தில் தாவரமே. ஆதலின் அதிலும் அது குறைவு. எரிமலை வாயுவில் அத்துணைக் குறைவில்லை. காற்றிலோ காபன்-13 இன் பங்கு இறங்கிவருகிறது. காடெரிப்பு மட்டுமே காரணமாயின் காபன்-14 அவ்வாறு குறைந்திராது. இவற்றோடு ஒட்சிசனும் குறைகிறது; எரிவதற்கு அது செலவாகும், எரிமலை கக்கும் காபனீரொட்சைட்டுக்கோ காற்றின் ஒட்சிசன் வேண்டியதில்லை. அளவைப் பார்த்தாலும், எரிமலைகள் ஆண்டுதோறும் விடுவது மனிதர் விடுவதில் நூற்றிலொரு பங்களவே.

வேடிக்கை என்னவெனில், இவ்வாயுவின் வளர்ச்சியைத் திருத்தமாக அளந்த இடமே ஓர் எரிமலை. ஹவாய்த் தீவின் மவுனா லோவாவில், 1958 இல் சாள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்கு இருந்தது. 2024 இல் அது 420 ஐத் தாண்டியிருந்தது. மலைவாயிலிருந்து காற்று வீசும் வேளைகளில் அளவு தாறுமாறாகத் துள்ளும். அவற்றை இனங்கண்டு விலக்கிவிடுவர். 2022 நவம்பரில் அம்மலை வெடித்தது. எரிகுழம்பு பாதையையும் மின்கம்பியையும் துண்டிக்க, அளவீடு சில மாதங்கள் அயலிலுள்ள மவுனா கியா மலையில் நடந்தது. அங்கும் எண்கள் முன்னைய ஆண்டினும் உயர்ந்தே நின்றன.