ஒரு சென்ட் தபால் கூலி

பிரான்ஸ் தேசத்தில் புத்தகத்தின் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிக்கிறார். 1981-ம் வருஷத்துச் சட்டப்படி, எந்த வியாபாரியும் புதுப் புத்தகத்துக்கு நூற்றுக்கு 5-க்கு மேல் தள்ளுபடி கொடுக்கலாகாது. இணைய வியாபாரத்தில் கொழித்த அமேஸான் கம்பெனியோ, அந்தத் தள்ளுபடியும் தந்து, தபால் கூலி வாங்காமலே வீட்டு வாசலில் கொண்டு சேர்த்தது. தெருக்கோடிப் புத்தகக் கடைக்காரர் அதற்கு ஈடு கொடுப்பது எங்ஙனம்?

2014-ல் சர்க்கார் இதைத் தடுத்தது. உடனே கம்பெனி விதித்த கூலி எவ்வளவு தெரியுமா? ஒரு சென்ட், அதாவது ஒரு யூரோவில் நூற்றிலொரு பங்கு! சாமர்த்தியந்தான், சந்தேகமில்லை. 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்கு 3 யூரோவாவது கூலி வாங்கியே தீரவேண்டும் என்றாயிற்று.

கடையே இல்லாத கிராமத்தாருக்கு இது கஷ்டமே. அவர்கள் முணுமுணுத்தால் குறை சொல்வதற்கில்லை. பட்டணவாசிக்கோ விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. நாலு தெரு நடந்தால் கூலியும் மிச்சம். வாங்குமுன் புரட்டிப் பார்க்க ஓர் அலமாரியும் உண்டு.